குரல் இல்லாமல் நடந்த வகுப்பு

கழுத்தின் குறுக்கே ஓடும் தழும்பைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல என் தொண்டைக்கு இப்போது தெம்பு போதாது. சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் காற்று தீர்ந்துவிடுகிறது. எழுதுவதற்குத் தொண்டை வேண்டாம். அதனால் எழுதுகிறேன். கழுத்தில் சின்னதாய் ஒரு உருண்டை தட்டுப்பட்டு, இது என்னவோ என்று பயந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவினால் சரி.

நான் சங்கரன்கோவிலில் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் கோமதி. எங்கள் ஊர் அம்மன் பெயர் அது, தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள். யோகா டீச்சர் என்றால் நான்தான்.

அப்பா விசைத்தறி ஓட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நானும் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனேன். பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி இரைக்கும். அரசு ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவப் பிரிவுக்கு வாரம் ஒருமுறை ஒரு அம்மா வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மருந்தோடு அதையும் விடாமல் செய்தேன். இரைப்பு அடங்கியது. அந்த அம்மா வராத நாட்களில் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் முத்துராஜ், அவர் தறி மெக்கானிக், "இதையே ஒழுங்காப் படிச்சிரு" என்றார். தபால் வழியில் டிப்ளமா படித்தேன். மதுரையில் செய்முறைத் தேர்வு நடந்தபோது அவர் வெளியே வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பைத் தொடங்கினேன். தறியில் நிற்கிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், பீடி சுற்றி முதுகு வளைந்தவர்கள் என்று வந்தார்கள். சேலையில் சிலர், நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு சிலர். கையை மேலே தூக்குங்கள் என்றால் ஒருத்தியும் தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நெளிந்தார்கள். கையைத் தூக்கினால் ரவிக்கை ஏறும், வயிறு தெரியும், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். எனக்கு அது புரிந்தது. "எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். நானும் செஞ்சு காட்ட மாட்டேன். சொல்லுதேன், கேட்டுச் செய்ங்க" என்றேன்.

அன்றைக்கு எல்லாக் கைகளும் மேலே போயின.

அதுவே என் பாணியாகிவிட்டது. செய்து காட்டாமல் சொல்வது அவ்வளவு லேசான வேலை இல்லை. இடது கையைத் தூக்குங்கள் என்று மட்டும் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாகத் தூக்குவார்கள். "அலமாரியில் உச்சித் தட்டில் இருக்கிற டப்பாவை எட்டி எடுங்கள், குதிகாலைத் தூக்காமல்" என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் நிறுத்தம், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று சமைக்கும்போது, துணி துவைக்கும்போதெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பின் தெருவில் தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். நான் கத்த மாட்டேன். அந்தச் சத்தத்துக்குக் கீழே நுழைந்து போகிற மாதிரி அடக்கமாகப் பேசுவேன். "டீச்சர் சத்தத்தக் கேட்டாலே பாதி வலி போயிருது" என்பார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் வீட்டுக்காரரின் அக்கா பேச்சியம்மாள் அடுத்த வீட்டில் இருக்கிறாள். எனக்கு மதினி. சின்ன வயதிலிருந்து தறி ஓட்டுகிறவள். முதுகு வலி என்று முனகிக்கொண்டே இருந்தவளை நான்தான் வகுப்புக்கு இழுத்து வந்தேன். கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம் நிற்பாள். எல்லோரும் செய்து முடித்த பிறகு ஒரு தட்டு தாமதமாகச் செய்வாள். வயசு ஆகிறது, கவனம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் சாயங்காலங்களில் என் குரல் உடைய ஆரம்பித்தது. சளி என்று நினைத்து மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் குடித்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, நீ பேசும்போது எச்சி முழுங்குதல்லா, அப்ப கழுத்துல ஒண்ணு ஏறி எறங்குது. என்னது அது?"

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தேன். வலது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று ஏறி இறங்கியது.

எங்கள் ஊர் டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார். அங்கே ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியை உருண்டைக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் செல்களைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எச்சில் விழுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விழுங்காதே என்று சொன்ன நிமிடத்திலிருந்து வாயெல்லாம் எச்சில். மற்றவர்களுக்கு மூச்சை அடக்கக் கற்றுக்கொடுக்கிற எனக்கு எச்சிலை அடக்கத் தெரியவில்லை.

முடிவு வந்த அன்று நாங்கள் காத்திருந்த இடத்தில் எல்லோரும் கையில் ஒரே நிறத்துக் கவர் வைத்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. சிவகிரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும், தன் பிள்ளைக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்கும் பாதி கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சீட்டின் பின்பக்கம் ஒரு பட்டாம்பூச்சி வரைந்தார். "தைராய்டு இப்படித்தான் இருக்கும், குரல்வளைக்கு முன்னால. இந்த வலது றெக்கையில இருக்கிறது கேன்சர். பயப்படாதீங்க. இது மெதுவா வளர்ற வகை. சுரப்பியை முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் தீர்ந்துரும். அதுக்குப் பதிலா தினமும் ஒரு மாத்திரை."

கேன்சர் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். சர்வாங்காசனம் தைராய்டுக்கு நல்லது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நானும் தினமும் செய்கிறேன். அப்படியிருந்தும் ஏன்? இல்லை, அதைச் செய்ததால்தானா?

"அதனால வரவும் இல்ல, அதனால போகவும் போகாது" என்றார் டாக்டர். "உடம்புக்கு நல்லதுன்னு செய்ங்க. மருந்துன்னு சொல்லாதீங்க."

நான் தலையாட்டினேன். பிறகு அவர் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேசியே நடத்துகிற வகுப்பு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குரல் நாண்களை அசைக்கிற நரம்பு, தைராய்டுக்குப் பின்னால் நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறதாம். வெட்டாமல் பார்த்துக்கொள்வோம், ஆனாலும் தொட்டு விலக்க வேண்டியிருக்கும், சிலருக்குக் கொஞ்ச காலம் குரல் போகலாம், அபூர்வமாகத் திரும்பாமலும் இருக்கலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கேன்சரைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? கண்ணை மூடி நிற்கும் பெண்களையும், அவர்கள் முன்னால் சத்தம் வராமல் வாயை அசைத்துக்கொண்டு நிற்கும் என்னையும்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"யோகா செய்யிற ஆளுக்கே இப்படியா" என்று ஊருக்குள் பேசினார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆச்சரியத்தில்தான். ஆனால் அது என் காதுக்கு வந்தபோது, ஏதோ பொய்க் கணக்குக் காட்டி மாட்டிக்கொண்ட மாதிரி கூசியது. வகுப்பை மூடிவிட்டு, கதவில் ஒரு அட்டைகூடத் தொங்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க முடியும். பேச்சி மதினி தறிக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு கட்டைப்பையோடு வந்தாள். நோய் தீரும் என்று கோயிலில் இருந்து புற்றுமண் கொண்டுவந்து என் கழுத்தில் பூசப் போனாள். நர்ஸ் ஓடிவந்து தடுத்தார்.

"அங்கன பூசக்கூடாதுன்னா நெத்தியில பூசுதேன். நெத்தியில கத்தி வைக்க மாட்டியள்லா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நெற்றியில் மண்ணோடுதான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். உள்ளே துடைத்துவிட்டார்கள்.

விழித்தபோது யாரோ கன்னத்தைத் தட்டி, "பேரு சொல்லுங்கம்மா" என்றார்கள். கோமதி என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். பஞ்சரான டியூபிலிருந்து வருகிற மாதிரி காற்று மட்டும் வந்தது. மயக்கம் தெளியவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டு தூங்கினேன். மறுநாள் காலையிலும் காற்றுதான்.

பார்வை நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். கழுத்திலிருந்து ஒரு குழாய் தொங்கி, கசியும் ரத்தம் சின்ன பாட்டிலில் சேர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் ரொம்பக் கஷ்டப்பட்டார். நான் எதையோ கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

"தண்ணியா? வலிக்கா? ஃபேனக் கொறைக்கணுமா?"

நான் தலையை ஆட்ட முடியாமல் கையை ஆட்டினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி எனக்கு மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருந்தாள். நான் மறுபடி கேட்டபோது ஒருமுறை என் வாயைப் பார்த்தாள்.

"ஏலே முத்து, ஒழுங்காச் சாப்ட்டியான்னு கேக்கா. கடையில பரோட்டா திங்காதங்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்களால் ஆமாம் என்றேன். அதைத்தான் கேட்டிருந்தேன்.

"ஒனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தறி ஓடயில யாரு சத்தம் யாருக்குக் கேக்கும்? அங்கன எல்லாம் ஒதட்டப் பாத்துதான் பேச்சு" என்று சொல்லிவிட்டு மாதுளையைத் தொடர்ந்தாள்.

அந்த நாட்களில் நான் பேசியதெல்லாம் மதினியோடுதான். காற்றுகூட விடாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களைப் பற்றி வம்பு பேசினோம். ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டினோம். ஒரு மத்தியானம் நான், இனி வகுப்பு அவ்வளவுதான் மதினி, என் குரலை நம்பித்தானே எல்லோரும் வந்தீர்கள் என்று உதட்டை அசைத்தேன். அவள் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒன்னு சொன்னா கோவப்பட மாட்டியே?"

மாட்டேன் என்றேன்.

"வகுப்புல எனக்கு ஒன் சத்தம் கேட்டதே இல்லட்டி. தறியில நின்னு நின்னு காது மந்தமாயிட்டு. நீ வேற ரகசியம் பேசுத மாதிரி பேசுவ. நான் என்னைக்குக் கண்ண மூடினேன்? எல்லாவளும் மூடின பொறவு நான் தொறந்துக்கிடுவேன். முன்னால நிக்கவ என்ன செய்யுதாளோ அதப் பாத்துச் செய்வேன்."

அந்த ஒரு தட்டு தாமதம் ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கழுத்தில் ஏறி இறங்கியதை அவள் எப்படிப் பார்த்தாள் என்பதும். கண்ணை மூடியிருந்த மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. "கேக்கலன்னா எதுக்கு மதினி வந்தீங்க?" என்றேன்.

"நீ கூப்ட்ட, வந்தேன். முதுகு வலியும் கொறஞ்சிது. பொறவு என்ன?"

அதற்கு அடுத்த நாள் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க ஆரம்பித்தது. படுத்த வாக்கில் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக உள்ளே மடங்கிக் குவிந்துகொண்டன. விரிக்கப் பார்த்தால் விரியவில்லை. தினமும் முத்திரை பிடித்துப் பழகிய கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. கூப்பிடக் குரலும் இல்லை. ஆபரேஷனுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. மதினி என் கையைப் பார்த்துவிட்டு வார்டே அதிர்கிற மாதிரி கத்தினாள்.

"ஏம்மா சிஸ்டரு! ஓடி வாங்க, இவ கை கோணுது!"

கால்சியம் இறங்கிவிட்டது என்றார்கள். தைராய்டை ஒட்டிப் பருப்பு அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் உண்டு. உடம்பின் கால்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். ஆபரேஷனில் அவை அதிர்ந்துபோனால் சில நாள் வேலை செய்யாமல் கிடக்கும். நரம்பில் மெல்ல மெல்லக் கால்சியம் ஊசி ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவி, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதுவரை மதினி இன்னொரு கையை விடவே இல்லை. தைராய்டு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் மரத்துப்போனால் சும்மா இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுக் குரல் நாண்களைப் பார்த்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வெள்ளையாக இரண்டு மடிப்புகள். ஆ சொல்லுங்கள் என்றதும் இடது மடிப்பு நடுவுக்கு வந்தது. வலது அசையவே இல்லை. நடுவில் இருந்த சந்து வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது.

"நரம்பு அறுபடல. இழுபட்டதுல சோர்ந்துபோயிருக்கு. சில மாசம் பொறுங்க. முழுசா வரலன்னாலும், இடது பக்கம் கொஞ்சம் கூடுதலா நகர்ந்து வந்து சமாளிச்சுக்கும்" என்றார். தண்ணீர் புரையேறாமல் இருக்க முகவாயைத் தாழ்த்திக்கொண்டு குடிக்கச் சொன்னார். எடுத்த சுரப்பியைச் சோதித்த முடிவு பிறகு வந்தது. வெளியே எங்கும் பரவவில்லை. என் வீட்டுக்காரர் அதை டாக்டரிடமே இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு வகுப்புப் பெண்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். "டீச்சர், எப்ப ஆரம்பிப்பிய?" என்று எல்லோரும் கேட்டார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"நாளைக்கு வாங்கட்டி" என்றாள் பக்கத்தில் இருந்த மதினி. "அவ ஒதட்ட அசைக்கட்டும், நான் சொல்லுதேன்."

நான் வேண்டாம் என்று கையை ஆட்டியதை யாரும் பார்க்கவில்லை.

இப்படித்தான் குரல் இல்லாமல் என் வகுப்பு நடந்தது. பெண்கள் கண்ணை மூடி நிற்பார்கள். எனக்கு எதிரே மதினி நின்று என் உதட்டைப் பார்ப்பாள். மூச்சை மெதுவாக இழுங்கள், வயிறு மெல்ல விரியட்டும் என்று நான் அசைப்பேன். "மூச்ச இளுங்க! வயிறு கல்யாண வீட்டுப் பூரி கணக்கா உப்பட்டும்!" என்று மதினி முழங்குவாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் சத்தம் எவ்வளவு என்று தெரியாது. பின் தெருத் தறிகள் எல்லாம் அவள் முன்னால் தோற்றுப்போயின. "முதுக வளைங்க. வளைஞ்சது போதும், ஒடைஞ்சிறாதிய." ஒருத்தி சிரித்தால் வரிசையே சிரித்தது. சிரிப்பில் நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த நிறுத்தங்கள் எல்லாம் காணாமல் போயின.

ஒரு வாரம் போல எனக்குத் தாங்க முடியவில்லை. வீட்டில் வந்து அழுதேன். என் வகுப்பு இது இல்லை என்றேன் என் வீட்டுக்காரரிடம். அதற்குள் உதட்டைப் படிக்க அவரும் கொஞ்சம் பழகியிருந்தார். "வாரவங்க கொறஞ்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். குறையவில்லை. திருவேங்கடத்திலிருந்து புதிதாக ஒரு அம்மா டவுன் பஸ் ஏறி வர ஆரம்பித்திருந்தார். இதைச் சொல்லவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் வாய் ஓய்ந்திருந்ததால், நின்று பெண்களைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. யாருக்குத் தோள் ஏறவில்லை, யார் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். கிட்டே போய்க் கையால் தொட்டுத் திருத்தினேன். எப்போது என்று தெரியாது, எரிச்சல் போய்விட்டது.

குரல் ஒரே நாளில் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு "ஆ" சொல்லும் பயிற்சியைத் தினமும் செய்தேன். முதலில் கரகரப்பு, பிறகு ஒரு அடித்தொண்டைச் சத்தம், பிறகு வார்த்தைகள். மறுபடி கேமரா வைத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் இன்னும் அசையவில்லை. இடது பக்கம் அதைத் தேடி நகர்ந்து வந்திருந்தது. இதுதான் இனி என் குரல் என்றார் டாக்டர். போனில் பேசுகிறவர்கள் என்னை "சார்" என்கிறார்கள்.

அந்தக் குரலோடு நான் தனியாக எடுத்த முதல் வகுப்பு அன்று, மதினி எனக்கு எதிரே நிற்காமல் தன் பழைய இடத்துக்குப் போய்விட்டாள். "ஒனக்குத்தான் வந்துட்டே, இனி எனக்கு என்ன சோலி" என்றாள். கரகரத்த குரலில், நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை நின்று காற்றுப் பிடித்து, வகுப்பை நடத்தினேன். கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தச் சொன்னேன். எல்லோரும் கண்களை மூடிக் கிடந்தார்கள். மதினி மட்டும் தலையைத் திருப்பிப் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"கண்ண மூடுங்க மதினி."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "மூடுனா ஒன் பேச்சு எங்கன கேக்கும்?" என்றாள்.

அவளுக்கு இடது காது கொஞ்சம் பரவாயில்லை. குனிந்து அந்தக் காதை ஒட்டி, "இங்கனதான் இருக்கேன், மூடுங்க" என்றேன். தோளில் கையை வைத்துக்கொண்டேன். மதினி ஒருமுறை மேலே மோட்டு ஃபேனைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். கால் விரல்களை விடுங்கள், முட்டியை விடுங்கள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே, சொன்ன இடத்தைக் கையால் தொட்டேன். தொட்ட இடம் ஒவ்வொன்றாக இளகியது. தறியில் நின்று நின்று விறைத்துப்போன அந்த முதுகுகூடத் தரையில் பதிந்தது.

திடீரென்று, கண்ணைத் திறக்காமலே, மாடி அதிரக் கேட்டாள்.

"ஏட்டி கோமதி, எல்லாவளும் கண்ண மூடியிருக்காளுவளா? இல்ல என்னையப் பாக்காளுவளா?"

வரிசை வரிசையாகத் தலைகள் உயர்ந்தன. வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"ஒருத்தியும் பாக்கல மதினி" என்று அவள் காதுக்குள் சொன்னேன்.